அடுத்த ஸ்டேஷனுக்கு மணல் வரவில்லை

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஓடும் லைனுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பதினாறு வருஷம் ஸ்டோருக்கும் லைனுக்கும் நடுவே ட்ராலி தள்ளினேன்; இப்போது ட்ராலி தள்ளுகிற பத்துப் பேரைக் கவனித்துக்கொள்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிக் கொடுப்போம். லைனில் ஒரு ஸ்டேஷன், தனக்கு வந்த சாமானை முன்னால் அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொண்டால், அந்த இடம் நிறைந்து வழியும். அடுத்த ஸ்டேஷனில் ஆள் வெறுங்கையோடு நிற்பான். நிறைந்த இடத்தைப் பார்க்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. குறை நாலு ஸ்டேஷன் தள்ளி, வேறொருவன் தலையில் விடியும்.

கடலரிப்பு எனக்குப் புரிந்தது இந்தப் பாடத்தை வைத்துத்தான்.

நாங்கள் இருப்பது கடலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. கோவளமும் மாமல்லபுரமும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பவருக்குக் கடலரிப்பு என்றால் புயல் நேரத்தில் டிவியில் வருகிற செய்தி. எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன ஆடி மாதம் வரை.

என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவன் எண்ணூர் பக்கத்துக் குப்பத்துக்காரன். வல்லத்தில் ரூம் எடுத்துத் தங்கி ஷிஃப்டுக்கு வருகிறான். "அண்ணே, அம்மனுக்குக் கூழ் ஊத்துறோம், வந்துடுங்க" என்று கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் பைக்கிலேயே கிளம்பினோம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகிற வெளிவட்டச் சாலையில், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீளமான ட்ரெய்லர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இல் வந்தது. அந்த ஆண்டிலிருந்தே ஒரகடத்துக் கார்கள் எண்ணூரிலிருந்து கப்பலேறுகின்றன. நான் ட்ராலியில் தள்ளிய ஏதோ ஒரு பாகமும் அந்த வண்டிகளில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குப்பத்தில் கோயில் இருக்கிறது, தெரு இருக்கிறது, தெருவின் முடிவில் கருங்கல் மலைபோல் குவிந்திருக்கிறது. கல்லின் மேலேறினால்தான் கடல் தெரியும். ஆள் உயரக் கற்கள். இடுக்குகளில் கிழிந்த வலை, பிளாஸ்டிக், செத்த நண்டு. தம்பியின் தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு கடலுக்குள் ஓர் இடத்தைக் கையால் காட்டினார்.

"அந்தா அலை ஒடயுது பாரு தம்பி, அங்கதான் நாங்க கரைவலை இழுத்த மணலு. அதுக்கு இந்தாண்ட ரெண்டு தெரு இருந்துச்சு."

கொஞ்சம் வடக்கே, கடலுக்குள் கை நீட்டியதுபோல ஒரு கல் வரிசை போகிறது. செய்தித்தாளில் 'தூண்டில் வளைவு' என்று எழுதுகிறார்களே, அதுதான். அதன் தெற்குப் பக்கத்தில் சின்னதாக மணல் சேர்ந்திருந்தது. நாலு ஃபைபர் படகுகள் அந்த மணலில்தான் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. தாத்தா மடியிலிருந்து ஒடிந்த வலைமிதப்பு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்து, அலை கரையில் ஏறும் இடத்தில் போடச் சொன்னார்.

போட்டேன். அடுத்த அலை அதைக் கரையில் ஏற்றியது. நேராக ஏற்றவில்லை, வடக்கே சாய்த்து ஏற்றியது. தண்ணீர் வடியும்போது சரிவில் நேராக இறங்கியது. மறுபடி சாய்ந்து ஏறியது, மறுபடி நேராக இறங்கியது. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி, கால் மணி நேரத்தில் என் காலடியில் நாற்பது அடி வடக்கே போய்விட்டது. குனிந்து பார்த்தால் அதே தண்ணீரில் மணலும் அதே நடை நடந்துகொண்டிருந்தது. கருமணல் கலந்த பொடி என் காலைச் சுற்றிச் சாய்ந்து ஏறி, நேராக வழிந்தது. கடைசியில் கல்லில் முட்டியதும் மிதப்பு நின்றுவிட்டது. மணலும் நின்றது.

"இது தெண்டி வெள்ளம். இப்ப எல்லாமே வடக்க போற காலம். மழைக்காலத்துல வன்னி வெள்ளம் வரும், கொஞ்சம் தெக்கத் திருப்பிக் குடுக்கும். போறது ஜாஸ்தி, வர்றது கம்மி."

பொறியாளர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதுவதும் இதைத்தான். தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டிய நீண்ட மாதங்களில் நம் கிழக்குக் கரையில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவமழையின் சில மாதங்களில் தெற்கே திரும்புகிறது. வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தால் லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். கடற்கரை என்று நாம் சொல்லுவது நிற்கிற மணல் இல்லை. அது ஓடுகிற லைன். ஒவ்வொரு குப்பமும் அதில் ஒரு ஸ்டேஷன்.

இந்த லைனை முதலில் மறித்தது எது என்பதற்குச் சென்னையின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1861-இல் கோட்டைக்கு அருகே கடலுக்குள் ஓர் இறங்குபாலம் கட்டினார்கள். கடற்படுகையில் திருகி இறக்கிய இரும்புத் தூண்களின் மேல் நின்ற பாலம் அது. தூண்களுக்கு நடுவே மணல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. கப்பலுக்கு அது போதவில்லை. 1875-இல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். கிழக்கே வைத்திருந்த வாசலை மணல் விடாமல் தூர்த்தது. துறைமுகத் தலைவராக வந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை அடைத்து வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார்.

தெற்கிலிருந்து நடந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. வருஷா வருஷம் சேர்ந்தது. 1880-களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்தக் கரையோரம் உலாவும் பாதை போட்டு, மெரினா என்று பெயர் வைத்தார். ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் கடல் வாசலுக்கு எதிரிலேயே அலை அடித்தது. இன்று மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீருக்கு நடந்தால் கால் வலிக்கிறது. அந்த அகலம் முழுக்க வடக்கே போக வேண்டிய மணல்.

நான் சின்ன வயதிலிருந்து மெரினாவுக்குப் போயிருக்கிறேன். சுண்டல் வாங்கிக்கொண்டு அந்த மணலில் உட்கார்ந்திருக்கிறேன். அது இன்னொரு ஊரின் கரை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை உள்வாங்கியது. 1876-லிருந்து நூறு ஆண்டுகளில் சுமார் 500 மீட்டர் அகலம் போனது என்று கடலோரப் பொறியியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. அரை கிலோமீட்டர். தாத்தா கையால் காட்டிய இடம் எனக்கு முதலில் ஒரு கிழவரின் மிகைப்பேச்சாகப் பட்டது. இந்தக் கணக்கைப் படித்த பிறகு அவர் குறைத்துத்தான் சொன்னார் என்று தெரிந்தது.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்ததாகச் சொல்ல முடியாது. கல் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கல் கொட்டுவதில் இரண்டு வகை. ஒன்று, கரையை ஒட்டி நீளவாக்கில் கொட்டும் தடுப்புச்சுவர். அது பின்னாலிருக்கும் சாலையையும் வீட்டையும் காப்பாற்றும், மணலைக் காப்பாற்றாது. அலை கல்லில் மோதித் திரும்பும் வேகத்தில் சுவரின் அடியிலுள்ள மணலை அள்ளிக்கொண்டு போகும். அடி பள்ளமானதும் கல் சரியும். சில வருஷத்துக்கு ஒருமுறை மேலே மேலே கல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரைவலை இழுக்க, படகு ஏற்ற, கருவாடு காயவைக்க, ஆமை முட்டையிட இடம் இருக்காது. சுவர் வந்த குப்பத்தில் வீடு நிற்கும், தொழில் போய்விடும்.

இன்னொன்று தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டுவது. ராயபுரம் கரையில் 2004-இல் பத்துத் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. வடிவமைத்தது சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை. அவற்றின் நடுவே மணல் சேர்ந்தது, சில இடங்களில் படகு ஏற்றும் அளவுக்கு. மீனவர் கிராமங்கள் போராடிக் கேட்பதும் இதைத்தான், அது நியாயமும்கூட: கண் முன்னால் மணல் சேருவதைப் பார்த்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை, வருகிற மணலைப் பிடித்து வைக்கிறது. பிடித்த அளவு வடக்கே குறையும். பத்துக் கட்டினால் பதினொன்றாவது இடம் அரிக்கும். அங்கேயும் கட்டினால் பன்னிரண்டாவது. கடைசிக் கல்லுக்கு வடக்கே இருக்கிற ஊர்தான் எப்போதும் மனுவோடு நிற்கும்.

இந்த வடக்குக் கரையில்தான் 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2014-இலிருந்து காமராஜர் துறைமுகம். அதன் வடக்கு அலைதடுப்புச் சுவர் சுமார் மூன்று கிலோமீட்டர், தெற்குச் சுவர் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிற மெல்லிய மணல்திட்டு. அந்தத் திட்டு ஒடுங்கினால் கடல் ஏரிக்குள் வழி தேடிக்கொள்ளும். ஏரியை நம்பி இறால் பிடிக்கிறவர்கள் வரை அது போய்த் தாக்கும்.

துறைமுகமே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் வீட்டில் எரிகிற அடுப்பு அந்த ட்ரெய்லர்களால் எரிகிறது. எண்ணூரிலிருந்து தச்சூர், திருவள்ளூர் பக்கமாகச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சிங்கபெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரம் வரை சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை போடுகிறார்கள். எங்கள் தொழிற்பேட்டையைத் துறைமுகத்தோடு கட்டுகிற கயிறு அது. கயிற்றின் இரண்டு முனையும் கடற்கரையில் இருக்கின்றன. இவ்வளவு வலுவாகக் கரையோடு கட்டிக்கொண்ட பிறகு, அந்தக் கரையின் மணல் எங்கள் கணக்கில் வராது என்று நாங்கள் சொல்ல முடியாது.

வேறு வழியிலும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் எழும்பிய வருஷங்களில் வாலாஜாபாத் பக்கமிருந்து ஆற்று மணல் லாரி லாரியாக வந்ததைப் பார்த்தவன் நான். கடற்கரைக்கு மணலைக் கொண்டுவந்து கொடுப்பவை ஆறுகள். அணையில் தேங்கியதும் ஆற்றிலேயே அள்ளியதும் போக, முகத்துவாரத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம். லைனின் நடுவில் மறிப்பது ஒரு பக்கம் இருக்க, ஸ்டோரிலேயே சரக்கு இல்லை என்பது இது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கரையை அளந்தது. தமிழ்நாட்டில் பார்த்த சுமார் 991 கிலோமீட்டரில் 423 கிலோமீட்டர் அரிப்பில் இருக்கிறது. நூற்றுக்கு 43. இந்தியா முழுவதும் சேர்த்து இது நூற்றுக்கு 34-ஐத் தொடவில்லை.

கல் அல்லாத வழிகளும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பாலாறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே, கடலூர் பெரியகுப்பம் என்று ஓர் ஊர். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கரை அது. அங்கே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், கெட்டித் துணியில் செய்த பெரிய குழாய்களில் மணலை நிரப்பிக் கரைக்கு இணையாகக் கடலுக்கடியில் வரிசையாகப் போட்டது. அலை அந்த மேட்டில் தட்டி வேகம் குறைந்து வரும். மணலை இழுத்துக்கொண்டு போகிற பலம் அதற்கு இருக்காது. தண்ணீருக்கு மேல் ஒன்றும் தெரியாது. படகு கரையேற இடம் கிடைக்கும்.

புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் வந்தபின் நகரத்தின் கடற்கரை போய்விட்டது. காந்தி சிலை இருக்கும் சாலையோரம் முழுக்கக் கல். 2018-இல் அதே கழகம், ஆப்பு வடிவ இரும்புக் கட்டுமானம் ஒன்றைத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கியது, துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். ஒரு தலைமுறை கழித்து அங்கே பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். நான் குடும்பத்தோடு போனபோது என் மகள் அங்கே வீடு கட்டி விளையாடினாள். ஆனால் புதுச்சேரிக்கு வடக்கே தமிழ்நாட்டுக் குப்பங்களான சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் அரிப்புச் செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை அடிப்படைத் தீர்வு, மறித்த மணலை மறித்தவரே தாண்டிக் கொடுப்பது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் இதைச் செய்கிறார்கள். தெற்குக் கரையில் வந்து சேரும் மணலை பம்ப் வைத்து உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடக்குக் கரையில் விடுகிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் கனமீட்டர். நெதர்லாந்தில் 2011-இல் 2 கோடியே 15 லட்சம் கனமீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையே அதைக் கரை நெடுக விநியோகிக்கும்படி விட்டார்கள். நம் பக்கம் விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலை வடக்கே கடற்கரைக்கு அனுப்பும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. ஒவ்வொரு துறைமுகமும் கப்பல் வழிக்காக எப்படியும் தூர்வாரத்தான் செய்கிறது. அந்த மணலில் எவ்வளவு கரைக்குப் போக வேண்டும் என்பதுதான் கேள்வி. தொழிற்சாலையில் மின்கட்டணம் போல, வருஷந்தோறும் கட்டியாக வேண்டிய செலவாக இதை வைக்க வேண்டும். ஒருமுறை டெண்டர் விட்டு, கல் போட்டு, படம் எடுத்துப் போகிற வேலை இல்லை இது.

சட்டமும் பணமும் இல்லாமல் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. ஊர்ப்புறக் கரையில் கட்டடம் கூடாது என்றிருந்த 200 மீட்டர், மக்கள் அடர்த்தி மிகுந்த இடங்களில் 2019-இல் 50 மீட்டராகச் சுருங்கியது. அரிக்கிற கரையில் இப்படிச் சுருக்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. கரை மேலாண்மைத் திட்டத்தை முடிக்காமல் கல் கட்டுமானங்களில் இறங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் மாநிலங்களுக்குச் சொன்னது. 15-ஆவது நிதிக்குழு அரிப்பைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களின் மறுகுடியமர்வுக்கு 1,000 கோடி ரூபாயும் நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. தமிழக அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' என்று ஐந்தாண்டுகளுக்கு 2,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது.

தீர்ப்பாயத்தின் பேச்சு எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் குப்பத்தில் உட்கார்ந்து கேட்டால் அது வேறு மாதிரி ஒலிக்கிறது. திட்டம் தயாராகும் வரை அலை காத்திருக்காது. ஐப்பசிக் கடல் வாசலுக்கு வரும்போது, "ஆய்வு நடக்கிறது" என்று யாரிடம் சொல்வது?

கூழ் குடித்து முடித்தபோது நாலு மணி இருக்கும். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் ஊற்றித் தம்பியின் அம்மா இரண்டாம் தடவையும் நிறைத்தார். கோயில் திண்ணையில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள், ஆட்சியருக்கு. கம்பெனியில் ரிப்போர்ட் எழுதுகிறவர் என்று தம்பி என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். 'எங்கள் கிராமத்தைக் கடலரிப்பிலிருந்து காக்கத் தூண்டில் வளைவு அமைத்துத் தர வேண்டி' என்று தலைப்பு முன்பே போட்டிருந்தது.

முழுவதும் எழுதிக் கொடுத்தேன். பிறகு தயங்கித் தயங்கி, இன்னொரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். வளைவு கட்டி முடிக்கும்போதே அதன் நடுவிலும், வடக்கே உள்ள கரையிலும் தூர்வாரிய மணலைக் கொண்டுவந்து நிரப்பித் தர வேண்டும் என்று. நிரப்பிக் கொடுத்தால் நம் வளைவு வடக்கே போகிற மணலைப் பிடித்து வைக்காது, அது பாட்டுக்குத் தாண்டிப் போகும் என்று விளக்கினேன்.

ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம மனுவுல எதுக்குங்க அடுத்த ஊரு? ரெண்டு கேட்டா ஒண்ணும் குடுக்கமாட்டாங்க."

திண்ணை அமைதியானது. நான் பேனாவை மூடப்போனேன். கல்லின் மேலிருந்து மெதுவாக இறங்கி வந்த தாத்தா, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எம் பொண்ண அங்கதான்டா குடுத்திருக்கேன்," என்றார். "எழுது தம்பி."